தொடாத நேரம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரப்பர். கூட வேலை பார்க்கிற, தாடி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருவன்தான் நேருக்கு நேர் அப்படிக் கூப்பிடுவான். மற்றவர்கள் அவள் தலை மறைந்த பிறகு கூப்பிடுவார்கள். காரணம் ஒன்றும் பரம ரகசியம் இல்லை. யாராவது புள்ளிகளுக்கு நடுவே அழகாக ஒரு நேர்கோடு இழுத்து, வாயெல்லாம் பல்லாக அவள் மேசைக்கு வந்தால், நெற்றியில் கிடக்கிற கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்பாள். "கோட்டை அழிச்சுட்டுக் காட்டு. புள்ளி மட்டும் நேரா நிக்குதான்னு பாப்போம்." பெரும்பாலும் நிற்காது. வந்தவர் வந்த வழியே போவார். இந்தப் பொம்பளைக்கு இரக்கமே கிடையாதா என்று காப்பி மெஷின் பக்கம் நின்று புலம்புவார்கள். கிடையாதுதான். புள்ளிகள் விஷயத்தில் அவளுக்குத் துளி இரக்கம் கிடையாது.

அவள் பிழைப்பு அப்படி. தண்ணீர் ஐஸாக உறைவதைப் போல, ஒரு பெரிய கூட்டம் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குச் சட்டென்று மாறுகிற அந்த விளிம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அவள் பார்த்த கூட்டம் மூளை நரம்புகள். மயக்க மருந்து கொடுத்தால் விழிப்பு எந்த இடத்தில் போகிறது, எந்த இடத்தில் திரும்ப வருகிறது? தலையில் ஒயர் ஒட்டி, மூளையில் எழும்புகிற அலைகளைப் பதிவு செய்து, சின்ன அலை எத்தனை, பெரிய அலை எத்தனை என்று எண்ணிப் படம் போடுவார்கள். இதற்காகவே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றோடு அவர்களுக்குப் பல வருஷப் பழக்கம்.

வீட்டில் கதையே வேறு. அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். நகரத்தில் பாதிக் கட்டடங்கள் அவன் தயவில் மேலும் கீழும் போய்வந்தன. வாய் ஓயாது. அவள் வாங்கிய ஆராய்ச்சிப் பட்டத்தைக் கிண்டல் பண்ணி "டாக்டரே" என்றுதான் கூப்பிடுவான். "ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூடப் பிரயோஜனம் இல்லாத டாக்டரே, சாப்பிட வாங்க" என்பான். அவளும் விடமாட்டாள். "இருங்க, லிஃப்ட் வரட்டும்" என்பாள். அவர்கள் வீடு தரைத்தளம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நகைச்சுவை இரண்டு பேருக்கும் அலுக்கவே இல்லை. என்ன ஜென்மங்களோ.

அந்த மனிதன்தான் ஒரு நாள் காலையில் எங்கோ ஒரு உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள், கையில் ஸ்பேனரோடு சாய்ந்துவிட்டான். இதயம் நின்றுவிட்டது. கூட ஆள் இல்லை. லிஃப்ட் இன்னும் ஓடவில்லையே என்று கீழே இருந்தவர்கள் எரிச்சல்பட்டு, திட்டி, அப்புறம்தான் ஒருவர் படியேறிப் போய்ப் பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸ்காரர்கள் இதயத்தைத் திரும்ப ஓட வைத்துவிட்டார்கள். இதயம் ஓடியது. அவன் கண் திறக்கவில்லை. அவள் பழகிய அதே ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சுக்கு மெஷின் வைத்துப் படுக்கப்போட்டிருந்தார்கள்.

அவனுக்கு ஒரே தங்கை. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் அவள் குட்டிதான். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அண்ணன்தான் வளர்த்தான். பள்ளிக்கூடத்துக்கு ஜடை பின்னிவிட்டதுகூட அவன்தான். கோணலாகத்தான் பின்னுவான். அண்ணனுக்கு இப்படி ஆன அன்று கடையை இழுத்து மூடிவிட்டு ஓடிவந்தவள், அதற்கப்புறம் திறக்கவில்லை.

டாக்டர் அம்மா நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். நாத்தனாரையும் அண்ணியையும் உட்கார வைத்துச் சொன்னார். "மூளைக்கு ரொம்ப நேரம் ரத்தம் போகல. நாங்க பார்த்த வரைக்கும் அறிகுறி எதுவும் நல்லா இல்ல. மெஷினை எடுத்தா மூச்சு நிக்கும். உடனே எதுவும் சொல்ல வேணாம். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம். மாற்றம் ஏதும் இல்லன்னா, நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க."

முடிவு! என்ன முடிவு? குட்டி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். இவள் போகவில்லை. தலையில் ஒயர் ஒட்ட அனுமதி கேட்டாள். ஆராய்ச்சிக்கு வேண்டாம், எனக்கு வேண்டும் என்றாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அப்படித்தான் அவன் தலையில் ஒயர்கள் ஏறின. கட்டில் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. அதில் ஓடுகிற கோடுகளின் பதிவு அப்படியே ஆராய்ச்சிக்கூடத்துக்கும் போய்விடும். குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்.

"இதுல என்ன அண்ணி தெரியும்?"

"உன் கடையில ஒரு வம்பு கிளம்புதுன்னு வை."

"என் கடையிலயா? நான் வாயே திறக்கமாட்டேன்."

அந்த நிலைமையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக இரண்டு பேருக்கும் கூச்சமாகவும் இருந்தது.

"மயக்கத்துல கிடக்கிற மூளையில வம்பு ரெண்டு வீடு தாண்டாது. ஒவ்வொரு வாசல் தாண்டறப்பவும் பாதி செத்துரும். சின்ன வம்பு நிறைய இருக்கும், கொஞ்சம் பெருசு ரொம்பக் குறைவா இருக்கும், பெரிய வம்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அதை நாங்க எக்ஸ்பொனென்ஷியல்னு சொல்லுவோம். முழிச்சிருக்கிற மூளை வேற மாதிரி. அதுலயும் முக்கால்வாசி பக்கத்து வீட்டோட முடிஞ்சுடும். ஆனா எப்பவாவது ஒண்ணு கிளம்பி, தெருத் தெருவாப் போயி, ஊரையே ஒரு சுத்து சுத்திட்டு வரும். அது பவர்-லா. எங்க படத்துல போட்டா சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் புள்ளியெல்லாம் ஒரே நேர்கோட்டுல விழும்."

"ஊரே ஒரே நேரத்துல கத்தினா?"

"அது வலிப்பு. இந்தப் பக்கம் விழுந்தா ஊமை, அந்தப் பக்கம் விழுந்தா வலிப்பு. நடுவுல ஒரு விளிம்பு இருக்கு. நாம எல்லாரும் அந்த விளிம்புலதான் உயிரோட இருக்கோம்."

குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ அண்ணனுக்கு ஊர் சுத்தற வம்பு ஏதாவது வருதான்னு பாக்கணும். வரும் அண்ணி. அவன் வாய் சும்மா இருக்காது."

வந்தது. அதுதான் கொடுமை. சில நாள் பதிவை எடுத்து அவள் தானே உட்கார்ந்து எண்ணிப் படம் போட்டாள். யார் கையிலும் கொடுக்கவில்லை. சின்ன அலைகள், நடுத்தர அலைகள், அப்புறம், அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தாள், பெரிய அலைகள். திரை கொள்ளாத அலைகள். புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாக நேராக நின்றன. கோட்டை அழித்துப் பார்த்தாள். அப்போதும் நின்றன. ஊரையே அழ வைத்த பொம்பளை அந்த மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

இப்போது ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கே வாய் வரவில்லை. இந்த வேலையில் எண்ணுவதற்கு முன்னால் செய்கிற முதல் காரியம் வெட்டுவது. நர்ஸ் வந்து புரட்டிப் படுக்க வைத்த நேரத்தை வெட்டவேண்டும். உடம்பு துடைத்த நேரத்தை வெட்டவேண்டும். யார் கை பட்டாலும் அந்த நேரம் ஆகாது. ஏனென்றால் தலை லேசாக அசைந்தாலே ஒயர் ஆடும், ஒயர் ஆடினால் திரையில் மலை மாதிரி எழும்பும். அது மூளை பேசுவது இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும். சேர்ந்த முதல் நாளே அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். இந்தப் பதிவிலும் நர்ஸ் வந்த நேரத்தையெல்லாம் கறாராக வெட்டினாள். சொந்தக்காரர்கள் உள்ளே போய்ப் பார்க்கிற நேரத்தை மட்டும் வெட்டவில்லை. குட்டி அண்ணன் தலையை வருடிக்கொண்டும், இவள் அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டும் நின்ற அந்த நேரத்தை.

மறந்துபோய் விட்டுவிடவில்லை. அந்த இடத்துக்கு வந்து, நின்று, யோசித்துத்தான் விட்டாள். நர்ஸ் கை அவனுக்கு யாரோ ஒருத்தர் கை. எங்கள் கை அப்படியா? அவன் பதில் சொல்வதாக இருந்தால் எங்களுக்குத்தானே சொல்லுவான்? அந்த நேரத்தை வெட்டிவிட்டால் அப்புறம் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? இதையே வேறு யாராவது வந்து அவளிடம் சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். தனக்குத் தானே சொன்னபோது நியாயமாகப் பட்டது.

குட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். "இருக்காருடி உங்க அண்ணன். விளிம்புக்கு வந்துட்டார்."

குட்டி அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, வேற யார் சொல்லியிருந்தாலும் எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சிருப்பேன். உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால நம்பறேன்." அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரிடமும் படத்தைக் காட்டினாள். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே பார்த்தார். "நாங்க பார்க்கிறதுக்கும் இதுக்கும் பொருந்தல. ஆனா உங்களைவிட இதுல எனக்குத் தெரியாது. காத்திருப்போம். உங்க கூடத்துல இருந்து இன்னொருத்தர் மட்டும் ஒருமுறை சரிபார்த்துச் சொல்லட்டும்" என்றார். தாராளமாக, என்றாள் இவள். பயம் இருந்தால்தானே.

அன்றிலிருந்து குட்டியைக் கையில் பிடிக்க முடியவில்லை. தான் தொட்டால் திரை எகிறுவதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். "பாருங்க அண்ணி, கை வெச்ச உடனே தெரியுது அவனுக்கு!" தலையை அமுக்கிவிட்டாள். காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தாள். சீப்பு கொண்டுவந்து, ஒயருக்கு நடுவே தெரிகிற முடியை வாரிவிட்டாள். எவ்வளவுக்கு எவ்வளவு தொட்டாளோ அவ்வளவுக்கு அவ்வளவு பெரிய அலை. அலை பெரிதாகப் பெரிதாக இன்னும் தொட்டாள். அண்ணன் வீட்டுக்கு வந்தவுடன் எப்படிப் போட்டுவிடுவது என்று, பக்கவாட்டில் திறக்கிற மாதிரி ஒரு சட்டைகூட வெட்டித் தைக்க ஆரம்பித்துவிட்டாள். இவள் அதற்குக் கழுத்து அளவு சொன்னாள். தினமும் படம் முன்னைவிட அழகாக வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் யாருக்குமே அவ்வளவு நல்ல நேர்கோடு கிடைத்ததில்லை.

சரிபார்க்கிற வேலை தாடியிடம் வந்தது. கூடப் படித்தவன், கூடச் சண்டை போட்டவன். ஒரு காலத்தில் அவன் எழுதிய கட்டுரை ஒன்றை, வெட்ட வேண்டிய நேரத்தை வெட்டாமல் விட்டதற்காக, அச்சுக்குப் போகிற நேரத்தில் திரும்ப வாங்க வைத்தவள் இவள். அதற்காக அவன் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு லிஃப்ட்காரன்தான் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டுச் சமாதானம் பண்ணிவைத்தான். அதிலிருந்து லிஃப்ட்காரன் அவளைவிட அவனுக்குத்தான் நெருக்கமான சிநேகிதன்.

தாடி ஒரு மத்தியானம் அவள் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். அவன் கதவைச் சாத்திப் பேசுகிற ஆள் இல்லை.

"ரப்பர், டீ வாங்கிட்டு வரவா?"

"எதுக்கு? சொல்ல வந்ததைச் சொல்லு."

"நீங்க ரெண்டு பேரும் உள்ள போய்ப் பார்க்கிற நேரத்தை நீ வெட்டல."

"தெரிஞ்சேதான் வெட்டல. நாங்க இருக்கிறப்பத்தான் அவர் பதில் சொல்றார். அதை வெட்டிட்டு என்னத்தப் பார்க்கிறது?"

"வெட்டிப் பார்த்தேன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பெரிய அலை ஒண்ணுகூட இல்ல. அத்தனையும் அந்த நேரத்துலதான் இருக்கு."

"அதான் நானும் சொல்றேன்! எங்களுக்குத்தான் பதில் சொல்றார்னு!"

தாடி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். தாடியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். ஒயரெல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு ஸ்பாஞ்சுத் தலை உண்டு. உப்புத் தண்ணீரில் நனைத்து ஒயர் மாட்டுவார்கள். அதற்கு மொட்டை என்று பெயர்.

"மொட்டைக்கு மாட்டிப் பார்த்தேன் ரப்பர். தங்கச்சி தடவற மாதிரி நானே தடவினேன். சும்மா கொஞ்சம், அப்புறம் கொஞ்சம் அழுத்தி, எப்பவாவது நல்லா அசைச்சு. மனுஷன் கை அப்படித்தானே போகும்? சின்ன அசைவு நிறைய, பெரிய அசைவு எப்பவாவது. அதுக்கும் இதே நேர்கோடு வருது."

அவள் எழுந்துவிட்டாள். என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "உன் கட்டுரையை அன்னிக்கு நான் அழிச்சேன்ல, அதுக்கு இன்னிக்குப் பழி தீர்த்துக்கறியா? ஸ்பாஞ்சும் அவரும் ஒண்ணா உனக்கு? சொல்லுடா, ஒண்ணா? வெளிய போ!"

தாடி போகவில்லை. அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "எனக்கு மட்டும் ஆசையா? படத்தைப் பார்த்ததும் முதல்ல சாமி படம் மாதிரி கும்பிட்டேன்டி. அப்புறம்தான் வெட்டிப் பார்த்தேன். நீ சொல்லிக்கொடுத்ததுதானே அது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீ சொல்றதும் தப்புன்னு நான் சொல்லல. உங்க குரலுக்கு அவன் பதில் சொல்லலாம். ஒரே ஒரு நாள், உள்ள போங்க, பேசுங்க, கூப்பிடுங்க, திட்டுங்க. தொடாதீங்க. கேக்குதுன்னா அப்பவும் பெரிய அலை வரணும்ல?"

வரணும். அதில் மறுக்க ஒன்றும் இல்லை. அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். ஆனால் தெரிந்ததை அவள் உள்ளே விடவில்லை.

மறுநாள் பார்க்கிற நேரத்தில் குட்டியிடம் சொன்னாள். "இன்னிக்குத் தொட வேணாம். பேசு, போதும். எவ்வளவு வேணும்னாலும் பேசு."

"ஏன் அண்ணி?"

"ஒரு சோதனை."

குட்டி மேற்கொண்டு கேட்கவில்லை. அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் இவளும் நின்றார்கள். மெஷின் அவன் நெஞ்சை ஏற்றி இறக்கியது. கன்னத்தில் முடி வளர்ந்திருந்தது. உதட்டோரம் குழாய் ஒட்டிய பிளாஸ்டர் கொஞ்சம் பிரிந்திருந்தது. இவளுக்கு அதை அழுத்தி ஒட்டிவிடக் கை பரபரத்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

குட்டி பேச ஆரம்பித்தாள். "அண்ணா, இன்னிக்கு உன்னைத் தொடக்கூடாதாம். உன் பொண்டாட்டி சட்டம் போட்டிருக்கா. எழுந்து என்னன்னு கேளு." திரையில் ஒன்றும் இல்லை. சின்னதாகச் சலசலப்பு, உடனே அடங்கியது. "உன் டூல்ஸ் பெட்டி என் வீட்டுலதான் இருக்கு. நீ எழுந்திரிக்கலன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்குப் போட்டுருவேன், சொல்லிட்டேன். போட்டா என்ன பண்ணுவ?" சலசலப்பு. அடங்கியது. "சின்னவன் பாட்டுப் போட்டியில பேரு கொடுத்திருக்கான். உன்னை மாதிரியே கட்டைக் குரலு. நீ வந்து கேட்டு, நல்லா இருக்குன்னு பொய் சொல்லணும், வேற யாரும் சொல்லமாட்டாங்க." குரல் உடைந்தது. "அண்ணா. அண்ணா, நான்தான். குட்டி. அண்ணா!"

இவளும் கூப்பிட்டாள். "டாக்டர் வந்திருக்கேங்க," என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வா, வா, ஒன்றே ஒன்று வா, என்று மனசுக்குள் கெஞ்சினாள். எத்தனை பேரை என்னவெல்லாம் பேசியிருக்கிறேன், அத்தனை பேர் காலிலும் விழுகிறேன், ஒரே ஒரு பெரிய அலை வா. வரவில்லை. வந்ததெல்லாம் இரண்டு வாசல் தாண்டுவதற்குள் செத்துப்போகிற சின்னச் சின்ன அலைகள்.

குட்டியும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தையல்காரியின் கண். நூல் எங்கே பிரிகிறது என்று தூரத்திலிருந்தே சொல்கிற கண். பேச்சை நிறுத்தினாள். ஒரு விரலை மட்டும் நீட்டி, அண்ணன் நெற்றிக்கு மேலே தொங்குகிற ஒயரை லேசாகச் சுண்டினாள். அண்ணன் மேல் விரல் படவில்லை. ஒயரை மட்டும்தான்.

திரை எகிறியது.

கையை எடுத்தாள். அடங்கியது. மறுபடி சுண்டினாள். மறுபடி எகிறியது.

"நான்தானா?" என்று கேட்டாள். குழந்தை மாதிரி கேட்டாள். "இத்தனை நாளா குதிச்சதெல்லாம் நான்தானா அண்ணி? அவன் இல்லையா?"

ஒரு பொய் சொல்லலாமே. சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பிள்ளை கையை வைத்துக்கொண்டு சந்தோஷமாக நின்றிருக்கும்.

"நீ மட்டும் இல்ல. நானும்தான். நம்ம ரெண்டு பேர் கையும்தான் அது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாம இல்ல. நான்தான் பார்க்கல."

குட்டி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி கையை வெடுக்கென்று இழுத்து, இரண்டு உள்ளங்கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, பின்னாலேயே நடந்து சுவரில் முட்டி நின்றாள்.

அன்று ஆராய்ச்சிக்கூடத்தில் தாடி பக்கத்தில் நிற்க, தொடாத நேரத்தை மட்டும் எடுத்துப் படம் போட்டாள். கோடு போடவில்லை. தேவைப்படவும் இல்லை. புள்ளிகள் கொஞ்ச தூரம் போய், வளைந்து, சரசரவென்று கீழே விழுந்தன. எக்ஸ்பொனென்ஷியல். இத்தனை வருஷத்தில் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்த எத்தனையோ பேருக்கு அதே வளைவை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்களெல்லாம் மருந்து தெளிந்ததும் நேராகி, எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். இவனுக்கு மயக்க மருந்தே கொடுக்கவில்லை, தெளிவதற்கு எதுவும் இல்லை. "திட்டினதுக்கு மன்னிச்சுடு" என்றாள் தாடியிடம். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் வாங்கி வைத்திருந்த டீயை இரண்டு பேரும் குடித்தார்கள். ஆறிப்போயிருந்தது.

டாக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். எங்கே தப்பு பண்ணினேன் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். குட்டி ஒப்புக்கொள்ளச் சில நாள் ஆனது. ஒப்புக்கொண்டது அழுகையோடு இல்லை, கோபத்தோடு. "உங்க படம் உங்க புள்ளி எல்லாம் நாசமாப் போக," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி அண்ணி. அவனை இப்படிக் கிடத்தி வைக்க வேணாம்," என்றாள். இவள் அந்தச் சாபத்தையும் வாங்கிக்கொண்டாள், சம்மதத்தையும் வாங்கிக்கொண்டாள்.

மெஷினை எடுக்கிற அன்று காலையில், நர்ஸ் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பசை ஒட்டியிருந்த இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். திரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அது நின்ற இடம் காலியாக இருந்தது. இவள் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை. குட்டி காலடியில் நின்றாள். கைகள் இன்னும் அக்குளில்தான்.

"கிட்ட வா குட்டி. கையைப் பிடிச்சுக்கோ."

"வேணாம் அண்ணி."

"வா."

"நான் தொட்டாத்தான் எல்லாம் பொய்யாப் போகுதே."

அந்தப் பேச்சை அவள் வாயில் வரவைத்தது நான்தான் என்று இவள் நினைத்தாள். எழுந்து போய், அக்குளில் செருகியிருந்த அந்தக் கைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். குட்டி விறைத்துக்கொண்டு நின்றாள். இழுத்துக்கொண்டு வந்து கட்டில் பக்கம் நிறுத்தினாள்.

"ஒயரெல்லாம் எடுத்தாச்சு பாரு. இனிமே யாரும் எதையும் அளக்கல. உங்க அண்ணன்தான் இருக்கார், நீதான் இருக்க. தொடு."

குட்டி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக ஒரு விரல், இன்னொரு விரல், பிறகு மொத்தக் கையையும் வைத்து அவன் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயோ அண்ணி, கை சில்லுனு இருக்கு."

இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். இவள் அடுத்த பக்கம் சுற்றிப் போய் இன்னொரு கையை எடுத்துக்கொண்டு அவளும் தேய்த்தாள். டாக்டர் மெஷின் பக்கம் வந்து நின்று, ஆரம்பிக்கலாமா என்பது போல இரண்டு பேரையும் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர்," என்றாள் குட்டி, தேய்ப்பதை நிறுத்தாமல். "கை சூடாகட்டும்."